மருந்துக்கு முன் இலையைத் திருப்புங்கள்: அறிகுறி பார்த்துச் செடியின் பூச்சி, நோயைக் கண்டுபிடிக்கும் வழி

"செடி வாடுது, என்ன மருந்து அடிக்கலாம்?" செடி வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதிலுக்கு நான் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: இலையின் அடிப்பக்கம் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கையில் ஏதோ ஒரு புட்டி இருக்கும்.

பூச்சிக்கு அடிக்கும் மருந்து பூஞ்சைக்கு வேலை செய்யாது. பூஞ்சைக்கு அடிப்பது வைரஸுக்கு ஆகாது. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிய செடிக்கு எந்த மருந்தும் உதவாது. அதனால் மருந்தின் பெயரை விட்டுவிட்டு அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள், டார்ச், கூரான கத்தி, ஒரு கண்ணாடி டம்ளர்.

முதலில் ஒரு சின்ன விசாரணை

பாதிப்பு ஒரு செடியில் தொடங்கி நாளுக்கு நாள் பக்கத்துச் செடிக்குப் பரவுகிறதா? அப்படியானால் உயிருள்ள ஏதோ ஒன்று காரணம். வேறு வேறு வகைச் செடிகள் எல்லாம் ஒரே இரவில் ஒரே மாதிரி கருகினவா? அப்படியென்றால் வெயில், உரம் கூடிப்போனது, களைக்கொல்லியின் சாரல் என்று யோசியுங்கள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடித்த செடி, பிடிக்காத செடி என்று உண்டு. வெயிலுக்கு அந்தப் பேதம் குறைவு.

இன்னொன்று: பாதித்தது பழைய அடி இலையா, புதுக் கொழுந்தா? விடையில் பாதி இதிலேயே வந்துவிடும்.

இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது, கறுப்புப் பொடி படிகிறது

மூன்றும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். சாறு உறிஞ்சும் பூச்சி செடியின் சர்க்கரைச் சாறைக் குடித்து, மிச்சத்தைத் தேன் போலக் கழிக்கிறது. அதைத் தேடி எறும்பு வருகிறது. சொட்டிய இடத்தில் கரும்பூசணம் வளர்கிறது. கறுப்பைக் கண்டு பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அந்தப் பூசணம் இலைக்குள் நுழைவதில்லை, மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான். பூச்சி போனால் அதற்குச் சாப்பாடு நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே கறுப்பு வந்துவிடும்.

கறுப்பு இலைக்கு நேர் மேலே இருக்கும் கிளையைப் பாருங்கள். கொழுந்தில் பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் கடுகளவு மெத்தென்ற பூச்சிகள் மொய்த்திருந்தால் அசுவினி. கணுவிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. தண்டோடு ஒட்டிய பழுப்பு மரு போல இருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. செடியை ஆட்டியதும் வெள்ளைத் தூசி போலப் பறந்து திரும்ப வந்து உட்கார்ந்தால் வெள்ளை ஈ.

அசுவினிக்கு முதல் மருந்து தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்தி, பீய்ச்சும் தண்ணீரால் கொழுந்தைக் கழுவுங்கள். விழுந்தவை பெரும்பாலும் திரும்ப ஏறாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு வாரம் செய்யுங்கள். ஒரே தடவையோடு விட்டால் பயனில்லை. அசுவினிப் பெண்பூச்சி ஆண் இல்லாமலே குட்டி போடும். வயிற்றில் இருக்கும் குட்டிக்குள்ளேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். வெயில் காலத்தில் பிறந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடும்.

மாவுப்பூச்சியின் மெழுகில் தண்ணீர் ஒட்டாது. நாலைந்து இடத்தில் மட்டும் இருந்தால் காயம் துடைக்கும் ஆல்கஹாலில் (ஸ்பிரிட்) பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பரவிவிட்டால் சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும்தான்; கலக்கும் விதம் கடைசியில் இருக்கிறது. செதில் பூச்சிக்கு அதே கரைசல், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு.

எறும்பை மறக்காதீர்கள். தேனுக்காக எறும்பு இந்தப் பூச்சிகளுக்குக் காவல் இருக்கும். தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் ஒரு கல்லின் மேல் வையுங்கள். மரமானால் தண்டில் துணியோ தாளோ சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். பல சமயம் எறும்பை நிறுத்தினாலே மிச்ச வேலையைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

பொறிவண்டின் புழுவை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு உருண்டையான வளர்ந்த வண்டுக்கும் இந்தப் புழுவுக்கும் உருவத்தில் சம்பந்தமே இருக்காது. கறுப்பாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை போல அசுவினிக் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். நான் செடி வளர்க்கத் தொடங்கிய புதிதில் "இதென்ன புதுப் பூச்சி" என்று ஒரு டஜனை நசுக்கியிருக்கிறேன். ஊதிப்போய், தங்கப்பழுப்பு நிறத்தில், அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது.

இலையில் ஊசி குத்திய மாதிரி வெளிர்ப் புள்ளிகள், பிறகு வெண்கல நிறம்

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெதுவாக நடந்தால் சிலந்திப்பேன். விரலால் தேய்த்தால் சிவப்பாகவோ பச்சையாகவோ கோடு விழும். முற்றிய நிலையில் இலைக்காம்பின் கவட்டில் மெல்லிய நூலாம்படை தெரியும்.

ஒரு கோடையில் என் செம்பருத்தி இப்படித்தான் வெளிறியது. சாறு உறிஞ்சும் பூச்சி என்ற வரையில் சரியாகக் கண்டுபிடித்து, வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை வாங்கி ஊற்றினேன். இரண்டு வாரத்தில் செடி முழுக்க வலை. சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால். அது பூச்சி இனமே அல்ல, சிலந்திக்கு உறவு. இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. சில செடிகளில் அது முட்டையிடுவதைக்கூட அதிகப்படுத்துகிறது. நான் காசு கொடுத்து வளர்த்திருக்கிறேன்.

இதற்குச் சூடும் வறட்சியும் பிடிக்கும், ஈரம் பிடிக்காது. காலையில் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தண்ணீர் பீய்ச்சுங்கள். மிக மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். போதாவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகப் பொடி), லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். வெள்ளரி, பூசணி வகைகளுக்குக் கந்தகம் பல சமயம் ஒத்துக்கொள்ளாது. எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் போன பிறகே கந்தகம்.

இலை சுருளுகிறது

எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பாருங்கள். மிளகாயில் இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு நீண்டு தெரிந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இந்தச் சிலந்திப்பேன் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இலைப்பேனைப் பிடிக்கப் பூவைக் கிள்ளித் தாளில் உதறுங்கள். மெல்லிய வைக்கோல் துணுக்குகள் ஓடும். இலையில் வெள்ளி போல மினுங்கும் கீறலும் பக்கத்தில் கறுப்பு எச்சப் புள்ளிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நீல ஒட்டுப்பொறி இதற்கு. மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈக்கும் பறக்கும் அசுவினிக்கும். பொறியால் மட்டும் பூச்சி ஒழிந்துவிடாது. எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லும் காவல்காரன் அது.

மூன்றாவது சாத்தியம் வைரஸ். இலை சுருண்டு, தடித்து, சிறுத்து, செடி குட்டையாகி, கணுக்கள் நெருங்கிவிட்டால் இலைச்சுருட்டை. தக்காளியில் இதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. இலையில் கரும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் தேமல் நோய். இரண்டுக்கும் மருந்து கிடையாது. "பூத்திருக்கே, ஒரு காயாவது பறிச்சுக்கிறேன்" என்று வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காய்க்காக மற்ற செடிகளை இழப்பார்கள். செடிமேல் பையைக் கவிழ்த்து, வெள்ளை ஈ பறக்காதபடி மூடி, அப்படியே பிடுங்குங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும், கையாலேயே பரவும். புகைப்பவர்கள் தக்காளி, மிளகாயைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

வெள்ளைப் பூச்சு

விரலால் தேயுங்கள். மாவு போல வந்துவிட்டால், அதுவும் இலையின் மேற்பக்கம் இருந்தால், சாம்பல் நோய். மேற்பக்கம் நரம்புகளுக்குள் அடைபட்ட கோண வடிவ மஞ்சள் கட்டங்களும், அதற்கு நேர் கீழே சாம்பல் அல்லது ஊதா நிறப் பூசணமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய். பெயரில் ஒற்றுமை, குணம் நேரெதிர். அடிச்சாம்பலுக்கு இலை நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை, காற்றின் ஈரப்பதமே போதும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் அது வருகிறது.

சாம்பல் நோயின் தொடக்கத்தில் பால் உதவும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சுக்கினி என்ற பூசணி வகையில் சோதித்து 1999இல் வெளியிட்டார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒருமுறை, வெயிலில். இலையில் பாதிக்கு மேல் வெளுத்த பிறகு பால் ஊற்றிப் பயனில்லை. அந்த இலைகளை எடுத்துவிட்டு, செடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, தேவைப்பட்டால் கந்தகத்துக்குப் போங்கள்.

புள்ளிகளும் கருகலும்

அடி இலையில் பழுப்புப் புள்ளி, அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், சுற்றிலும் மஞ்சள்: முன்பருவ இலைக்கருகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை தண்ணீர் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இலைகளைக் கழித்து, மண்ணுக்கு மூடாக்குப் போட்டு, வேரில் மட்டும் தண்ணீர் விட்டாலே பாதி குறையும்.

குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில், வெந்நீர் ஊற்றியது போன்ற ஈரத்திட்டு தோன்றி, ஓரிரு நாளில் கறுத்து, ஒரு வாரத்தில் செடி முழுக்க விழுந்தால் அது பின்பருவ இலைக்கருகல். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, சுமார் பத்து லட்சம் பேரைப் பட்டினியிலும் நோயிலும் சாகவைத்தது இதே நோய்தான். காத்திருக்க வேண்டாம். பாதித்த செடியை உடனே அகற்றி, மற்றவற்றுக்குத் தாமிர மருந்து அடியுங்கள்.

தாமிரம் என்றால் போர்டோ கலவை. பிரான்சின் மெடோக் பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருடுபவர்களைப் பயமுறுத்த மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் பூசிவைத்திருந்தார்கள். பூசிய கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் இல்லை என்பதைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்து, 1885இல் மருந்தாகவே அறிவித்தார். ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை ஊற்றுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. பிறகு சுத்தமான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் விட்டு எடுங்கள். கத்தி மீது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றே அடித்துத் தீர்த்துவிடுங்கள். தாமிரம் மண்ணில் தங்கும், வாராவாரம் அடிக்கும் பொருள் அல்ல.

துரு நோய் தேடவே வேண்டாம்: இலையின் அடியில் ஆரஞ்சுக் கொப்புளம், தொட்டால் விரலில் துருப்பொடி. இலையைக் கழித்து, காற்றோட்டம் கொடுங்கள்.

செடி வாடுகிறது

அதிகமான செடிகள் தவறான வைத்தியத்தால் சாவது இங்கேதான். வாடியதும் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். அதற்கு முன் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள்.

காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், கதை முடிந்தது. ஈரமாக இருந்தும் வாடினால் வேரோ தண்டோ அடைபட்டிருக்கிறது. இனி ஊற்றும் ஒவ்வொரு செம்பும் கேடு.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். பழுப்பு வேரை இரு விரலால் பிடித்து இழுத்து, மேல்தோல் உறை போலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். நாற்றமும் சொல்லிவிடும். அழுகியதை வெட்டிவிட்டு, வடிகால் உள்ள புது மண்ணில் நட்டு, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, நிழலில் வையுங்கள். பிழைத்தால் அதிர்ஷ்டம்.

வேர் நன்றாக இருந்தால் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சும் அதில் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் தண்டழுகல். அந்தக் கடுகுகள்தான் அடுத்த பருவத்துக்கான விதை. சுற்றியிருக்கும் மேல்மண்ணோடு அள்ளி அகற்ற வேண்டும்.

அடியும் சுத்தமாக இருந்தால் டம்ளரை எடுங்கள். மண்ணுக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்து, வெட்டிய முனை மட்டும் தெளிந்த தண்ணீரில் படும்படி ஆட்டாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடம் பொறுமை. முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற நூல் தண்ணீருக்குள் மெல்ல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். முதல்முறை பார்க்கும்போது மெய் சிலிர்க்கும். அந்த நூல் முழுக்கப் பாக்டீரியாக் கூட்டம். இதில் இலை மஞ்சளாகாது, பச்சையாகவே தொங்கும். நூல் இறங்காமல், அடி இலைகள் மஞ்சளாகி, சில சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடி, தண்டைப் பிளந்தால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடினால் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல். இரண்டுக்கும் வந்தபின் வைத்தியம் இல்லை. செடியைப் பிடுங்குங்கள், வெட்டிய கத்தியைக் கழுவுங்கள், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் குடும்பத்தை மறுபடி நடாதீர்கள்.

வேரில் மணிமணியாக வீக்கம் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரைக் குடும்பச் செடியானால் அவசரப்படாதீர்கள்: விரலால் தட்டினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பவை நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சுகள். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, பிரியாது. மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஒரு பருவம் அந்த இடம் முழுக்கத் துலுக்கச் சாமந்தி நடுவதும் உதவும்.

நாற்று மட்டும் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாகி இற்றுச் சாய்ந்தால் நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் ஈரம் காயவிடாததுமே காரணம். தண்டு சுத்தமாகத் துண்டிக்கப்பட்டிருந்தால் வெட்டுப்புழு. சுற்றி ஒரு அங்குலம் மண்ணைக் கிளறுங்கள், சாம்பல் நிறத்தில் சுருண்டு படுத்திருக்கும்.

மஞ்சள்

இதில் பூச்சியும் நோயும் கம்மி, பசி அதிகம். அடி இலை சீராக மஞ்சளானால் நைட்ரஜன். அடி இலையில் நரம்பு பச்சை, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சள் என்றால் மக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் என்றால் இரும்பு; பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மையால் வேருக்குக் கிட்டாமல் இருக்கும். வயதான அடி இலை ஒன்றிரண்டு பழுத்து விழுந்தால் விட்டுவிடுங்கள். அது முதுமை.

ஓட்டையும் கடியும்

ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரித்தது போல அரைவட்டங்கள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. இலைத்துண்டால் குஞ்சுக்குத் தொட்டில் கட்டுகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலையருகே ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டினால் பட்டாம்பூச்சிப் புழு. சின்னச் செடியானால் வேறு மரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இலைமேல் வெள்ளைக் கோலம் போட்டது போல வளைந்து ஓடினால் உள்ளே இலைத்துளைப்பான். கோடு தடித்து முடியும் இடத்தில் புழு இருக்கும். அங்கேயே நசுக்கினால் போதும்.

இலை ஓட்டையாகி, கீழே உருண்டை எச்சமும் கிடந்தால் புழு. பகலில் கிடைக்காவிட்டால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் கோடு தெரிந்தால் நத்தை. கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. புழு கூட்டமாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, கடையில் பி.டி. என்பார்கள். புழு இதைத் தின்றால்தான் வேலை செய்யும், அதனால் மாலையில் இலை நனைய அடியுங்கள். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாகச் சில நாள் ஆகும். அதற்குள் "வேலை செய்யலையே" என்று வேறு மருந்தை மேலே அடிக்காதீர்கள். பெரிய புழுவைவிடச் சின்னப் புழுவிடம் இது நன்றாகப் பலிக்கும்.

கத்தரிக் கொழுந்து மட்டும் தலை தொங்கினால் தண்டுத்துளைப்பான். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, பிளந்து, புழுவைப் பாருங்கள். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் நோயே இல்லை. தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று விட்டதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை.

வேப்பெண்ணெய் கலக்கும் விதம்

பலர் எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றுவார்கள். அது மிதந்து, கடைசியில் அடித்த செடி மட்டும் முழு எண்ணெயைக் குடித்துக் கருகும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் 2 மில்லி திரவ சோப்பு, கலக்கியபின் 5 மில்லி எண்ணெய். பால் போல வெளுக்கும் வரை குலுக்குங்கள், அடிக்கும்போதும் நடுநடுவே. ஓரிரண்டு இலையில் அடித்து ஒரு நாள் காத்திருங்கள், பொசுங்காவிட்டால் முழுச் செடிக்கும். மாலையில்தான்: வேப்பெண்ணெயில் இருக்கும் அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும், தேனீயும் அப்போது கூடு திரும்பியிருக்கும். தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். முட்டைக்கு இது பெரிதாக எட்டாது, அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை. புட்டியில் மிச்சமானதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

புதுச் செடி வாங்கினால் இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். என் வீட்டுக்கு மாவுப்பூச்சி வந்தது பூவோடு வாங்கிய ஒரு தொட்டியின் அடித்துளை வழியாக. மேலே பூவைப் பார்த்தேன், தொட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை.